பீரோவில் தேட பீரோவையே ஊரான் வீட்டில் வைப்பதா?

"ஐயா, இந்தக் காலத்தில் யார் கம்ப்யூட்டருக்குள் மென்பொருள் போட்டுத் தேடுகிறார்கள்? எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிவிடுங்கள், அதுவே தேடித் தரும்." போன வாரம் மட்டும் இதை என்னிடம் நான்கு பேர் சொல்லிவிட்டீர்கள். அதில் இரண்டு பேர் என் வகுப்பில் முதல் பெஞ்சு!

சொந்தத்தில் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே. அப்பாவின் கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, ஆஸ்பத்திரி ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அள்ளி ஏதோ ஓர் இணையதளத்தில் ஏற்றி, "இதில் சர்வே எண் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறான். கிடைத்துவிட்டதாம். பெருமையாகச் சொல்கிறான். கிடைத்தது உனக்கு மட்டுமா தம்பி?

பீரோவில் ஒரு காகிதம் காணோம் என்றால் பீரோவைத்தானே குடைவோம்? கம்ப்யூட்டருக்குள் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடலாம். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டும் தேடலாம். ரீகால், டாக்ஃபெட்சர் என்று இரண்டு திறமூல மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பம் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த ரீகால் வேறு. ஆங்கிலத்தில் அதற்கு 'ஏ' போடுவார்கள், நான் சொல்வதற்கு 'ஓ'. அந்த ரீகால் சில விநாடிக்கு ஒருமுறை உங்கள் திரையையே படம் பிடித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து தேடித் தருவது. எதிர்ப்புக் கிளம்பியதும் தள்ளிப்போட்டார்கள். பிறகு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றி 2025இல் வெளியிட்டார்கள்.

"பெரிய கம்பெனி சும்மா தருகிறதே, அதைப் போட்டால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கூகுள் டெஸ்க்டாப் என்று ஒன்று 2004இல் வந்தது. கம்ப்யூட்டருக்குள் தேட அருமையான கருவிதான், மறுக்கவில்லை. 2006இல் ஒரு புது வசதி சேர்த்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொன்றிலிருந்து தேடலாம். அதற்காக உங்கள் கோப்புகளின் பிரதி கூகுளின் சர்வருக்குப் போகும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் அப்போதே இதை உபயோகிக்காதீர்கள் என்று எச்சரித்தது. 2011இல் கடையையே மூடிவிட்டார்கள். நம்பியவர்கள் வேறு வழி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

"இதெல்லாம் இன்ஜினியர்களுக்கு ஐயா" என்பது அடுத்த சாக்கு. நான் தமிழாசிரியர். எனக்கு வந்தது உங்களுக்கு வராதா?

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வாயே திறக்கக் கூடாது. உபுண்டு, டெபியன் எதுவானாலும் அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே ரீகால் இருக்கிறது. பெயரைத் தேடி இன்ஸ்டால் கொடுத்தால் முடிந்தது.

விண்டோஸில் ரீகால் வேண்டுமென்றால், உருவாக்கியவரின் தளத்தில் இன்ஸ்டாலருக்கு ஒரு சிறு தொகை கேட்பார். இதற்குத்தான் எத்தனை முணுமுணுப்பு! "திறமூலம் என்றால் ஓசிதானே?" மூலநிரல் திறந்தே கிடக்கிறது. முடிந்தவன் தானே தொகுத்துக்கொள்ளட்டும். குடும்பத்தோடு ஒருவேளை டிபனுக்கு ஆகும் காசைக் கேட்டால் கசக்கிறது, வீட்டுப் பத்திரத்தை ஊருக்குக் கொடுக்க மட்டும் கசக்கவில்லை. காசே கொடுக்க மாட்டேன் என்பவர்கள் டாக்ஃபெட்சர் போடுங்கள். அதற்கு முன்னால் ஜாவா இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் திறக்காது. டாக்ஃபெட்சரில் பென் டிரைவில் எடுத்துப்போகும் வடிவமும் உண்டு. காசுக்கு விற்கும் 'ப்ரோ' வேறு, அதைத் திறமூலம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மேக்கில் இரண்டுமே ஓடும். ஆப்பிள் கடைக்கு வெளியே இறக்கியதைத் திறக்கும்போது மிரட்டல் மாதிரி ஓர் எச்சரிக்கை வரலாம். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினோமா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' பகுதியில் அனுமதி கொடுங்கள்.

போட்ட உடனே தேடிவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று போன் செய்யாதீர்கள். நூலின் கடைசியில் சொல்லடைவு இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று, அதைத்தான் இந்த மென்பொருள் முதலில் தயாரிக்கும். கோப்பு நிறைய இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். இரவு விட்டுவிட்டுத் தூங்குங்கள். அந்த அடைவிலும் உங்கள் விவரம் இருக்கும். ஆகவே கம்ப்யூட்டரை விற்கும்போது அதையும் சேர்த்து அழியுங்கள்.

இனி தமிழுக்கு வருவோம். கிளவுடோ ரீகாலோ, நம் வேற்றுமை உருபு எல்லாக் கருவிகளுக்கும் தலைவலி. 'மரம்' என்று தேடினால் 'மரத்தை', 'மரத்தில்' வராமல் போகலாம். 'மரத்' வரை அடித்து, தகரப் புள்ளியை எடுத்துவிட்டு, ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். 'மரத்தால்', 'மரத்துக்கு' எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வெறும் 'மர' என்று போட்டு நட்சத்திரம் வைத்தால் மரபும் மரணமும்கூட வரும், ஜாக்கிரதை.

ஸ்கேன் செய்த பத்திரம் வெறும் படம். அதில் எழுத்தே கிடையாது. அதைப் படிக்க டெசராக்ட் என்ற இன்னொரு திறமூல மென்பொருள் இருக்கிறது, தமிழும் படிக்கும். பழைய பத்திரத்துக் கையெழுத்தை அதனிடம் காட்டினால் உளறும். அச்சிட்டதற்குச் சரி.

பெரிய சங்கடம் வேறு. 2000-த்தை ஒட்டிப் பாமினியிலும் வானவில்லிலும் அடித்து வைத்தோமே வினாத்தாள்களும் ஆண்டு மலரும், திரையில் அவை தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. யுனிகோடில் 'அகநானூறு' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. முதலில் மாற்றியாக வேண்டும். அதற்கும் கோப்பை ஏற்றச் சொல்லும் தளங்களுக்கு ஓடாதீர்கள், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாற்றிகள் இருக்கின்றன. நம் பள்ளி மலரின் பழைய கோப்புகள் உங்களில் யாரிடமாவது இருந்தால் பென் டிரைவில் கொண்டுவந்து தாருங்கள், நானே மாற்றித் தருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் வந்தால் தூங்கிக்கொண்டிருப்பேன்.