வேண்டாம் என்பவனிடம் காரணம் கேட்காதீர்கள்

கார்த்திகை மாதம் மாலை போட்டவனிடம் யாரும் கிளாஸை நீட்டுவதில்லை. முந்தின நாள்வரை ‘மச்சி’ என்றவன் ‘சாமி’ என்கிறான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால், அன்று சாயங்காலமே அதே வாய் ‘வா, ஒரு கட்டிங் போடலாம்’ என்கிறது. சாமிக்காகக் குடிக்காமல் இருப்பவனுக்கு மரியாதை உண்டு. தனக்காகக் குடிக்காமல் இருப்பவனுக்குக் கிண்டல்தான்.

நான் சேலையூரில் குடியிருக்கும் ஒயர்மேன். மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் பக்கம் எழும்பும் புது வீடுகளில் வேலை. குடியை விட்டுச் சில வருஷம் ஆகிறது. விடுவதற்காகச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் கை நடுங்கியது, தூக்கம் போனது. வருஷக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது. வெளியே வந்த பிறகு படுகிற பாட்டுக்கு மருந்துச் சீட்டு எழுத ஆளில்லை.

எங்கள் தொழிலில் சனிக்கிழமை சம்பளம். கணக்கு முடித்த கையோடு ஆட்கள் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குவார்கள். அடுத்த வாரம் எந்த சைட், யாருக்கு ஆள் தேவை என்ற பேச்செல்லாம் அங்கேதான். போகாதவன் காதுக்கு அது வந்து சேராது. ரூஃப் கான்கிரீட் நாளில், பைப் மிதிபடாமல் பார்க்க நானும் மேலே நிற்பேன். வேலை முடிந்ததும் வீட்டுக்காரரே பாட்டிலுக்குத் தனியாகக் காசு எடுத்து நீட்டுவார். ‘குடியை விட மாத்திரை சாப்பிடுறேன் சார்’ என்று ஒருவரிடம் சொன்னேன். அன்றோடு வீட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் தாராளமாகக் கொடுத்தவர்தான் அவர்.

வீட்டிலும் லேசில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே மனைவி பக்கத்தில் வந்து நிற்பாள். மூச்சைப் பார்க்கிறாள் என்று தெரியும். வேலை இழுத்து நேரமானால், பையன் புத்தகத்தை மூடிவிட்டு என் நடையைக் கவனிப்பான். கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால், இத்தனை வருஷம் பயந்து கிடந்த வீடு அது. பயம் தெளிய அவர்களுக்கும் நாளாகும். இது தெரிந்தவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அவர் 1980-ல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இருக்கிறது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. தப்பித்துக் கரையேறும் அந்த ஒருவரையும் நாமே திரும்பத் தள்ளலாமா?

கடையை மூடினால் தீர்ந்தது என்கிறார்கள். 2023 ஜூனில் 500 கடைகளை அரசு மூடியது, நல்லதுதான். ஆனால் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காரில் வைத்து ஊற்றுவது மச்சானும் மாமனும்தான்; அரசு இல்லை. மாலை போட்டவனுக்காக ஒரு மண்டலம் விலகி நிற்கத் தெரிந்த ஊருக்கு, வருஷம் முழுக்க விலகி நிற்க முடியாதா?

வீடு கட்டுகிறவர்களே, கான்கிரீட் அன்று பாட்டில் காசைக் கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் பிரியாணி போடுங்கள். மேஸ்திரிகளே, சம்பளத்தையும் அடுத்த வார வேலையையும் சைட்டிலேயே பேசி முடியுங்கள். சொந்தக்காரர்களே, வேண்டாம் என்றால் இரண்டாம் தடவை நீட்டாதீர்கள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலக்கச் சொல்லும் நோட்டீஸை நம்பாதீர்கள். மாத்திரை கலந்தது தெரியாமல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். விட வேண்டும் என்று நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் 14446-க்குப் பேசலாம். கட்டணம் கிடையாது.