கால்கை வலிப்பும் கைத்தாயத்தும்

நோய்க்குப் பெயர் சொல்லும்போதே நாம் வழுக்கி விழுந்துவிட்டோம். காலும் கையும் வெட்டி வெட்டி இழுப்பதால் கால்கை வலிப்பு என்றனர் நம் முன்னோர். அது வாய்வழக்கில் தேய்ந்து காக்காய் வலிப்பாயிற்று. சொல் சிதைந்ததோடு நின்றிருந்தால் மொழிக்கேடு என்று கணக்கெழுதி அகன்றிருக்கலாம். சொல்லின் பின்னே பொருளும் சிதைந்தது. காக்கை வந்ததும் காரிக்கோள் வந்தது. கோள் வந்ததும் கணியன் வந்தான். அவன் பின்னே கழிப்புக் கழிப்பவனும் தாயத்துக் கட்டுபவனும் வந்து திண்ணையில் அமர்ந்துகொண்டனர்.

சின்னாட்களுக்கு முன் திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகில் ஓர் இளைஞன் சாலையோரம் விழுந்து துடிக்கக் கண்டோம். சூழ்ந்து நின்றோர் பதின்மர். ஒருவர் திறவுகோற் கொத்தை அவன் கையில் திணித்தார். ஒருவர் துடிக்கும் காலை அழுத்திப் பிடித்தார். இன்னொருவர் வாயில் நீரூற்ற முனைந்தார். சற்றைக்கெல்லாம் துடிப்பு அடங்கிற்று. "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் நின்றுவிட்டது" என்றார் கொத்துக்கு உரியவர். எவரும் மறுத்திலர்.

இரும்பா நிறுத்தியது? மூளையின் நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருங்கே மின்துடிப்பு எழுப்புவதே வலிப்பு. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று மணித்துளிகளில் தாமே அடங்குவன. இரும்பைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்நேரம் கழிந்துபோகிறது. பெயர் மட்டும் இரும்புக்கு. தாயத்தின் கதையும் இதுவே. ஒருமுறை வந்த வலிப்பு மறுமுறை வர ஒரு திங்களும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். அந்த இடைவெளி முழுவதையும் மந்திரித்தவன் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான். மீண்டும் வந்துவிட்டாலோ, நோன்பில் பிழை செய்தீர் என்று பெற்றவள் தலையில் பற்றெழுதி விடுகிறான். இவ்வளவு ஊதியமுள்ள வாணிகம் துறைமுகத்திலும் இல்லை.

'இஃது எம் மரபு. இதனைப் பழிப்பது தமிழைப் பழிப்பது' என நம்மவருள்ளும் சிலர் சினக்கின்றனர். அவர்களை ஒன்று கேட்போம். தமிழ் மருத்துவத்தின் எண்வகைத் தேர்வு எவை? நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். இவ்வெட்டனுள் உடுக்கையடித்துக் குறி கேட்பது எங்கே உளது? நோயின் முதலைத் தேடச் சொன்ன வள்ளுவர்க்குச் சிலை எடுத்துவிட்டு, நோயாளியை வேப்பிலையால் அடிப்பது மரபாகுமா? இந்நோயின் ஒரு வகைக்கு முயலகன் என்றொரு பெயர் உண்டு. கொல்லி மழவனின் மகளை அது பற்றியதைப் பெரிய புராணம் பேசுகிறது. கூத்தப்பெருமான் காலடியில் கிடக்கும் குறளுருவுக்கும் அதுவே பெயர். வடமொழியாளர் நோயையும் அவ்வுருவையும் அபசுமாரம் என்ற ஒரே சொல்லால் குறிப்பர். நினைவிழப்பு என்பது அதன் பொருள். கிரேக்கத்து இப்போக்கிரேட்டசின் பெயரால் வழங்கும் நூலொன்று, இஃது ஏனைய நோய்களினும் தெய்வத்தன்மை உடையதன்று என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அங்கும் பூசாரிகள் இருந்தமையால்தான் அதைச் சொல்ல நேர்ந்தது.

மூலிகைகளை யாம் இகழவில்லை. ஆனால் வலிப்பை அடக்குமென்று மேலை மருந்துகள் மெய்ப்பிக்கப்பட்ட அளவுக்கு எந்த மூலிகையும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை. மெய்ப்பிக்கும் வேலையைச் செய்யாமல் பெருமை மட்டும் பேசுவதே இழுக்கு. இந்தியாவில் மூலிகைத் தூள் என்று விற்கப்பட்ட சில வலிப்பு மருந்துகளை ஆய்ந்து பார்த்தபோது, உள்ளே மேலை மருந்தே கலந்திருந்ததும் உண்டு!

1912-இல் செருமானிய மருத்துவர் அவுப்துமான் பீனோபார்பிட்டால் வலிப்பை அடக்குவதைக் கண்டார். 1938-இல் அமெரிக்கரான மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயினைக் கண்டறிந்து கூறினர். அதே 1938-இல்தான் நம் இராயபுரத்துப் பக்கம் இசுடான்லி மருத்துவக் கல்லூரி எழுந்தது. ஆளுநர் ஒருவரின் பெயரை அரசு சூட்டியது. மக்களோ பஞ்சக்காலத்துக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தை மறவாமல் கஞ்சித்தொட்டி மருத்துவமனை என்றே இன்றும் அழைக்கின்றனர். எந்தப் பெயர் நல்ல பெயர் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர்க்கு இந்நோய் உண்டு என்றும், உரிய மருத்துவம் கிடைப்பின் அவருள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. மருந்து விலையுயர்ந்ததன்று; அரசு மருத்துவமனையில் விலையின்றியே கிடைக்கிறது. பின் ஏன் நம் தெருக்களில் இத்தனை பேர் விழுகின்றனர்?

தாயத்தை மட்டும் குற்றஞ்சொல்லித் தப்ப முடியாது. மருத்துவத்தின் மொழியும் குற்றவாளியே. நோயாளியின் கையிலுள்ள சீட்டு ஆங்கிலம். மாத்திரை உறையும் ஆங்கிலம். 'பிட்சு' என்ற ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. மந்திரிப்பவன் அரை நாழிகை தமிழில் பேசுகிறான். மருத்துவர் அரை மணித்துளி பிறமொழியில் பேசுகிறார். மக்கள் யாரை நம்புவர்? வலிப்பு வாராத நாளிலும் மருந்து உண்ண வேண்டும். குறைந்தது ஈராண்டு வலிப்பின்றிக் கழிந்த பின்னரே குறைப்பதைப் பற்றி மருத்துவர் எண்ணுவார். திடுமென நிறுத்தினால் வலிப்பு விடாது தொடர்ந்து உயிரையே குடிக்கலாம். இம்மூன்றையும் தமிழில் கேளாதவன், நான்கு திங்கள் நலமாயிருந்ததும் மாத்திரையை நிறுத்துகிறான். காசிமேட்டில் விடியுமுன் படகேறுபவன் கடலில் விழுகிறான்; எண்ணூரில் இரவுமுறை பார்ப்பவன் பொறியின்மேல் விழுகிறான். உறக்கக்கேடு வலிப்பைத் தூண்டும் என்பதையும் அவனுக்கு எவரும் சொன்னதில்லை. சொன்னால் மட்டும் என்ன? வேலை போய்விடுமென்று மறைத்துக்கொண்டல்லவா போகிறான்!

பெண்ணின் நிலை இன்னும் கொடிது. புகுந்த வீட்டார் அறிந்துவிடுவர் என்று மாத்திரையைப் பெட்டியடியில் ஒளித்து, பின் விட்டே விடுகிறாள். அச்சத்துக்குக் கரணியம் இருந்தது. 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடுத்தடுத்து வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக எழுதினர். 1999-இல்தான் அதனை நீக்கினர். சட்டப்புத்தகத்தில் அழிந்தது பெண் பார்க்கும் கூடத்தில் இன்னும் அழியவில்லை.

தமிழில் மேலை மருத்துவம் சொல்ல இயலாது என்பார்க்கு ஈழத்து மானிப்பாயைக் காட்டுவோம். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

இந்நாட்டில் வலிப்புக்குப் பெருங்கரணியங்களுள் ஒன்று பன்றி நாடாப்புழு. அப்புழுவைக் குடலில் உடையவரின் மலத்தோடு வெளிப்படும் முட்டைகள் நீரிலும் காயிலும் கலந்து வயிற்றுட் சென்று, மூளையில் கட்டியாகின்றன. பன்றியூன் தொடாதவரையும் அது விடாது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் தழுவிக் கிடக்கும் தெருவில் வாழ்பவன் பேயோட்டியையா அழைக்க வேண்டும், மாநகராட்சியையா?

பேயென்றும் பித்தென்றும் வலிப்பென்றும் பிரித்தறியாமல் நோயாளரை வழிபாட்டிடங்களில் விட்டுவரும் வழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. 6-8-2001 அன்று அங்கொரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, மனநோயாளர் 28 பேர் சங்கிலிப் பிணிப்போடு கருகினர். பின்னர் அவ்வூரிலேயே, வேண்டுதலைத் தடுக்காமல் அதன் அருகிலேயே மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. வேண்டிக்கொள்பவர் வேண்டிக்கொள்ளட்டும், மாத்திரையை விடாதிருக்கட்டும் என்னும் அவ்வழி நமக்கு உடன்பாடே.

ஆலையிலும் துறையிலும் பணிபுரியும் நம் அன்பர்கள் இத்திங்கள் ஒரு வேலை செய்க. கீழ்வரும் வரிகளைப் பெரிய எழுத்தில் எழுதித் தொழிற்கூட வாயிலிலும் மீன்துறையிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டுக:

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். கூரிய பொருள்களை அகற்றுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் நீரோ இரும்போ துணியோ எதுவும் இடாதீர்கள். நேரத்தைப் பாருங்கள். ஐந்து மணித்துளி கடந்தும் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியும்வரை உடனிருங்கள்.