தார் சுற்றும் கைக்குத் தறியிலே பங்கென்ன?

“எங்கள் வீட்டில் எதையும் கலந்து பேசித்தான் முடிவு செய்கிறோம்” — இப்படிக் கூறாத குடும்பத் தலைவனை நான் இன்னும் சந்திக்கவில்லை, தோழர்களே! கலந்து பேசுகிறார்களாம்! நல்ல சொல். நாகரிகமான சொல். நாலு பேர் நடுவிலே சொல்லிக்கொள்ள ஏற்ற சொல்.

2019க்கும் 2021க்கும் இடையே எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்விலே, மணமான பெண்களிடம் மூன்று கேள்விகள் கேட்டனர். உன் உடல்நலம் பற்றி முடிவெடுப்பவர் யார்? வீட்டுக்குப் பெரிய பொருள் வாங்குவது பற்றி முடிவெடுப்பவர் யார்? பிறந்தகத்தாரையும் உறவினரையும் நீ காணச் செல்வது பற்றி முடிவெடுப்பவர் யார்? இவற்றுள் ஒன்றிலேனும் தமக்குப் பங்குண்டு என்று கூறியவர்கள், இந்தியத் துணைக்கண்டம் முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 89 பேர்! மூன்றிலும் பங்குண்டு என்றவர்கள் 71 பேர்!

மகிழ வேண்டிய செய்திதானே என்பீர்கள். மகிழத்தான் விரும்புகிறேன். ஆனால், ‘பங்கு’ என்ற அந்தச் சொல்லுக்குள்ளே, ‘நானே முடிவெடுப்பேன்’ என்பவளும் இருக்கிறாள். ‘அவரும் நானும் சேர்ந்து’ என்பவளும் இருக்கிறாள். சேர்ந்து என்றால் எப்படிச் சேர்ந்து? அவர் சொல்வார், இவள் தலையசைப்பாள் — அதுவும் சேர்ந்துதான்! நாடகத்திலே அரசன் ஆணையிடுவான், அமைச்சன் “அப்படியே ஆகட்டும், மன்னா!” என்பான். இருவரும் சேர்ந்து ஆண்டார்கள் என்றா எழுதுகிறோம்? தலைவலிக்கு மருந்து வாங்குவதும் உற்றார் வீடு போவதும் கேள்வியாயின. சோறு போடும் தொழிலைப் பற்றி, அந்தத் தொழிலின் கருவி யாருடையது, கூலி யார் கைக்கு வருகிறது, கடன் யார் பெயரில் நிற்கிறது என்பதைப் பற்றி அந்த மூன்று கேள்விகளில் ஒன்றும் இல்லையே! அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆரணிக்குப் போவோம், வாருங்கள்.

கமண்டல நாகநதிக் கரையிலே அமைந்த ஆரணி, இரண்டு பொருள்களால் பெயர் பெற்ற ஊர். ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. மணவறையிலே மணமகளை அணி செய்வது ஒன்று. மணப்பந்தியிலே இலையை நிரப்புவது மற்றொன்று. இரண்டுமே விளைந்தபடியே பயன்படாத பொருள்கள். நெல் அரிசியாக வேண்டும். கூடு இழையாகி, இழை சேலையாக வேண்டும். இந்த ‘ஆக்கும்’ வேலைகளிலே பெண்ணின் பங்கு என்ன, பெண்ணுக்குப் பங்கு என்ன என்பதுதான் என் வழக்கு.

முதலில் நெல்லைப் பாருங்கள், விரைவாகவே பார்த்துவிடலாம். உரலும் உலக்கையும் இருந்த காலத்தில் நெல் குத்துவது பெண்ணின் வேலை. தோள் நோக, உள்ளங்கை காய்த்துப் போக அவள் குத்தினாள். அப்போது அது ‘பெண்பிள்ளை வேலை’! ஆலை வந்தது. அரைக்க மின்சாரம் வந்தது. பித்தானைத் தட்டினால் மூட்டை மூட்டையாய் அரிசி. அப்போது அது எப்படித் திடீரென்று ஆண்பிள்ளை வேலை ஆயிற்று? கடினமாக இருந்தவரையில் அவளுடையது, எளிதானதும் அவனுடையதா? அவள் எங்கே போனாள் தெரியுமா? களத்துக்குப் போனாள்! அவித்த நெல்லைக் கொட்டி, கொளுத்தும் வெயிலிலே காலால் கிளறிக் காய வைக்கப் போனாள். உலக்கை போயிற்று, உழைப்பு போகவில்லை. கருவியிலே காசு வந்தபோது கருவி மட்டும் கைமாறிற்று.

இனி, பட்டு. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பச்சைப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். இழையை மூடியிருக்கும் பசை கரையும். எடையிலே ஏறத்தாழக் கால் பங்கு குறைந்துபோகும். அப்புறம் சாயம். அப்புறம் பாவு ஒன்றாகவும் ஊடைக்கான சிட்டம் ஒன்றாகவும் நெசவாளி வீட்டுக்கு வந்து சேரும். கொடுத்த பட்டு இவ்வளவு, திரும்பி வந்த சேலை இவ்வளவு என்று தராசிலே வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். கழிவு எவ்வளவு, குறைவு எவ்வளவு என்று கேட்பார்கள். இழை குறைந்தால் கேள்வி உண்டு, ஐயா! அந்த இழையைச் சுற்றியவளின் கண்ணிலே ஒளி குறைந்தால், அதற்கு எந்தத் தராசிலும் எடைக்கல் இல்லை.

விடிவதற்கு முன்னே எழுகிறாள். பாவு நீட்டுகிற நாளென்றால் வெயில் ஏறுமுன் தெருவிலே அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழையைத் தேடி முடிய வேண்டும். அதிலே அவள் கை. புதுப் பாவைப் பழைய பாவின் முனையோடு இழைக்கு இழை பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள்! அதிலும் அவள் கை. சிட்டத்தை விரித்து, ராட்டையைச் சுழற்றி, தார்க்குச்சியிலே ஊடையைச் சுற்ற வேண்டும். அது முழுதும் அவள் கை. தார் தீர்ந்துவிட்டால் நாடா நின்றுவிடும், நாடா நின்றால் தறி நின்றுவிடும், தறி நின்றால் அடுப்பு நின்றுவிடும். இடையிலே அடுப்பும் அவள் வேலைதானே!

2024ஆம் ஆண்டு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று உண்டு. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். இந்தியா முழுமைக்கும் எடுத்த சராசரி இது. ராட்டையின் அருகிலேயே குழம்பு கொதிக்கும் வீட்டில் எந்த நிமிடம் நெசவுக்கு, எந்த நிமிடம் சமையலுக்கு என்று பிரித்துக் காட்ட வல்ல கணக்கப்பிள்ளை இருந்தால் அழைத்து வாருங்கள்! கல்லூரிப் படியைப் பாதியிலே விட்டு இறங்கியவன் நான். எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

நாடகக்காரன் அல்லவா, ஒரு காட்சியைக் கற்பனை செய்து காட்டுகிறேன். கணக்கெடுக்க வருகிறார் அலுவலர். வாசலிலே அவள்.

“அம்மா, உங்கள் தொழில் என்ன?”

“தொழிலா? தொழில் அவருக்குத்தான், ஐயா. நான் வீட்டிலே சும்மாதான் இருக்கிறேன்.”

“கையிலே என்னம்மா?”

“தார்க்குச்சி.”

“காலையிலிருந்து எத்தனை சுற்றினீர்கள்?”

“யார் எண்ணினார்கள்? அவர் கேட்கக் கேட்கச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.”

சும்மா இருக்கிறாளாம்! அலுவலர் நல்லவராக இருந்தால் ‘துணைத் தொழிலாளர்’ என்று குறித்துக்கொள்வார். 2019–20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டிலே 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகக் கூறிற்று. அவர்களுள் 26 லட்சத்துக்கு மேற்பட்டோர் நெசவாளர். 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் துணைத் தொழிலாளர். எங்கள் நாடகக் குழுவிலும் துணை நடிகர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பெயரும் விளம்பரத் தாளிலே வரும். கூலியும் தனியே வரும். இங்கே? சேலைக்கு இவ்வளவு கூலி என்று ஒரே தொகை. அதற்குள்ளே சுற்றுக் கூலி அடக்கம், பிணைப்புக் கூலி அடக்கம், அவளும் அடக்கம்!

ஒரு தடை கிளம்பும், எனக்குத் தெரியும். “நெசவு ஆணின் தொழில், தம்பி. குழித்தறியிலே அமர்ந்து மிதிக்க வலிமை வேண்டும்” என்பார்கள். அசாமுக்குச் சென்று பாருங்கள். அங்கே தறியிலே அமர்பவள் பெண்! மேற்கூறிய 35 லட்சம் பேரிலே நூற்றுக்கு 72 பேர் பெண்கள். வடகிழக்கிலே வீட்டுக்கு வீடு நெய்யும் பெண்களால்தான் அந்தத் தொகை அவ்வளவு உயர்ந்து நிற்கிறது. அங்கே பெண்ணுக்கு வந்த வலிமை இங்கே எங்கே ஒளிந்தது? நம் ஊரிலும் தறியேறி நெய்யும் பெண்கள் இல்லாமல் இல்லை. ஆண்துணை இல்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலைப் பற்றி நற்றிணை பேசுகிறது. ஈராயிரம் ஆண்டு முதியது அந்தத் திறமை.

அதற்காக, குழியிலே கால்விட்டு அமர்ந்திருக்கும் அந்த ஆணை வில்லனாக்கி, மேடையிலே நிறுத்திக் கல்லெறியச் சொல்கிறேனா? இல்லை. அவன் எதை முடிவு செய்கிறான், பாவம்! நிறத்தை முதலாளி முடிவு செய்கிறார். கரையை முதலாளி முடிவு செய்கிறார். கூலியையும் அவரே முடிவு செய்கிறார். வாங்கிய முன்பணம் தீராததால் எந்த முதலாளிக்கு நெய்வது என்பதைக்கூட அவனால் முடிவு செய்ய முடிவதில்லை. நாளெல்லாம் பிறர் முடிவுக்குத் தலைசாய்த்தவன், தான் முடிவு செய்யக்கூடிய ஒரே இடம் எது என்று தேடுகிறான். வீடு கிடைக்கிறது. வாசலிலே கைகட்டியவன் கூடத்திலே கோலோச்சுகிறான்! முதலாளியின் முடிவை அவன் சுமக்கிறான். அவனையும் சேர்த்து அவள் சுமக்கிறாள். அவன் வாங்கும் முன்பணத்திலே அவளுடைய கையும் அடகு வைக்கப்படுகிறது, அவளைக் கேளாமலே.

‘காஞ்சிவரம்’ படத்தைப் பார்த்தோர் கண் கலங்கினர். மகளுக்குப் பட்டுச் சேலை உடுத்தி மணமுடிப்பேன் என்று சூளுரைத்த தந்தையின் கதை. தேசிய விருது பெற்றது, தகும். ஆனால் நாடகம் எழுதுகிறவனுக்கு ஓர் ஐயம்: சூளுரைத்தவன் தந்தை. அந்தச் சேலைக்கு ஊடை சுற்றுகிறவள் மனத்திலே ஒரு சூளுரை இருக்காதா? அவள் என்ன சொல்லியிருப்பாள்? “பட்டு வேண்டாம், பெண்ணைப் படிக்க வையுங்கள்” என்றிருப்பாளோ! கேட்டால் அல்லவா தெரியும்?

இனிப் பெயருக்கு வருவோம். சங்கத்திலே உறுப்பினர் அட்டை பெரும்பாலும் அவன் பெயரில். தறி அவன் பெயரில். ஆனால் கடன்? 1989இல் தருமபுரியிலே தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உள்ளன, நல்ல திட்டம். அதன் வழியே வீட்டுக்கு வரும் கடன் அவள் பெயரில்! தவணை நாளிலே கூட்டத்தில் அமர்ந்து பதில் சொல்ல வேண்டியவள் அவள். உடைமை அவனுக்கு, உத்தரவாதம் அவளுக்கு என்று ஓலை எழுதியது யார்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்திலே சமபங்கு வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள், ஊர் சிரித்தது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல், தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. 2005இல் இந்தியா முழுவதற்கும் ஆயிற்று. 2021இல் நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணம் நீங்கிற்று. 2023 செப்டம்பரில் மாதம் ரூ.1,000 மகளிர் உரிமைத்தொகை தொடங்கிற்று. ‘உதவி’ என்னாது ‘உரிமை’ என்றார்களே, அந்தச் சொல்லுக்காகவே ஒரு கைதட்டல். 2025 ஏப்ரலிலிருந்து, ரூ.10 லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்திலே ஒரு விழுக்காடு குறைவு. கோட்டையிலிருந்து வாசற்படி வரை சட்டம் வந்துவிட்டது, தோழர்களே. வாசற்படியைத் தாண்டத்தான் அதற்குக் கால் இல்லை. பயணச்சீட்டு இலவசமாயிற்று, அனுமதிச்சீட்டை இன்னும் அவர்தானே கிழித்துக் கொடுக்கிறார்!

ஆயினும் ஒரு மாறுதல் நம் கண்முன்னே நடக்கிறது. செய்யாறு சிப்காட்டிலே காலணித் தொழிற்சாலைகள். வேலைக்குச் செல்வோரில் பெரும்பகுதி இளம் பெண்கள். சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் செல்கின்றன. ராட்டையை விட்டு எழுந்து மகள் பேருந்தேறிவிட்டாள் என்று வையுங்கள். மாதம் பிறந்தால் அவள் பெயரில், அவள் வங்கிக் கணக்கில் சம்பளம். அதிலே எவ்வளவை வீட்டுக்குத் தருவது என்று அவளைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. கேட்கிறார்கள்! எந்த மேடைப் பேச்சாலும் வாராத மரியாதை, ஒரு சம்பளச் சீட்டினால் வந்துவிட்டது. தொழிற்சாலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நிற்கும் கால்களுக்கும் வலி உண்டு, அதை வேறொரு ஞாயிறு பேசலாம்.

இங்கே வீட்டிலே என்ன ஆயிற்று? தார் சுற்ற ஆளில்லை. தகப்பன் பக்கத்து வீட்டிலே கேட்கிறான். “சுற்றித் தருகிறோம், கூலி என்ன தருவீர்?” என்கிறார்கள். நேற்றுவரை ‘சும்மா’ என்றிருந்த வேலைக்கு இன்று விலை பிறந்துவிட்டது! அவன் கணக்குப் போடுகிறான். முதல் முறையாகப் போடுகிறான். மகள் இருந்தவரை இந்தத் தொகை எங்கே போயிற்று? மனைவி இன்னும் சுற்றுகிறாளே, அவளுக்கு இது எங்கே?

கைத்தறிச் சங்கங்களின் பேரவைக் கூட்டங்களிலே இந்தக் கேள்வியை எழுப்புங்கள் என்றுதான் நெசவாளித் தோழர்களைக் கேட்கிறேன். கூலிச் சீட்டிலே ஊடை சுற்றுக்கு ஒரு வரி, பாவு பிணைப்புக்கு ஒரு வரி, அவ்விரண்டுக்கும் நேரே அவள் பெயர், அந்தத் தொகை அவள் கணக்கில். உறுப்பினர் அட்டையிலே இருவர் பெயர். முன்பணம் வாங்கும் தாளிலே இருவர் கையொப்பம். ஒருவர் மறுத்தால் பணம் இல்லை. சேலைக் கூலி உயர்ந்தாக வேண்டும் என்ற நம் பழைய கோரிக்கையோடு இவற்றையும் ஒரே மனுவில் எழுதுங்கள். மனு எழுதும்போது அடுப்பங்கரையிலிருந்து அவளை அழைத்து அருகிலே அமர்த்திக்கொள்ளுங்கள். இழை எண்ணிப் பழகிய கண், எழுத்துப் பிழையையும் காட்டிக் கொடுக்கும்.