எவன் வகுத்த வயசு?

பத்தொன்பது வயசில் நான் ஒளித்து வைத்துப் படித்த புத்தகம் என்ன தெரியுமா தோழர்களே? சரோஜாதேவி புத்தகம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் பாடப்புத்தகம். நடைபாதைக் கடையில் ஒரு ரூபாய்க்கு வாங்கியது. ஆதிதிராவிடர் நல விடுதியில் முப்பது பேர் வரிசையாகப் படுத்துக் கிடக்கும் கூடத்தில், விலங்கியல் தடிப் புத்தகத்தை விரித்து அதற்குள் இந்தச் சின்னப் புத்தகத்தைச் செருகி, எல்லாரும் தூங்கின பிறகு எழுத்துக் கூட்டுவேன். பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் நாற்றுக்கட்டு என்று வளர்ந்து, எப்படியோ தேறிக் கல்லூரிக்கு வந்தவன் நான். வகுப்பில் பேராசிரியர் பேசியதில் ஒரு வரியும் விளங்கவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி ஏறி வருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் பிடிபட்டேன். பிடித்தவன் ஊர்க்காரன் இல்லை, நம்ம ஆள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் கிராம்சி பேசுகிற தோழன். "என்னடா, பாப்பா புத்தகம் படிக்கிற?" என்றான். கூடமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் புத்தகத்தைப் படித்ததற்காக எனக்கு இன்று வெட்கம் இல்லை. அன்றைக்குச் சேர்ந்து சிரித்தேனே, அதற்காகத்தான் வெட்கம்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. 'இது உன் வயசுக்கான புத்தகம் இல்லை' என்று சொல்வது இருபக்கமும் வெட்டுகிற கத்தி. இருபது வயசுக்காரனிடம், இது சின்னப் பிள்ளைகள் புத்தகம், தொடாதே என்கிறது. பத்து வயசுப் பிள்ளையிடம், இது பெரியவர்கள் சமாச்சாரம், தொடாதே என்கிறது. ரெண்டு பக்கமும் வெட்டுப்படுவது யார்? சின்ன வயசில் படிக்கக் கிடைக்காதவனும், சின்ன வயசிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட்டவளும். அதாவது நாம்.

இந்த நாட்டில் வயசு வைத்துப் படிப்பைப் பங்கு போட்டவன் யார்? மனு. பூணூல் போட்டு வேதம் படிக்க அனுப்ப வேண்டிய வயசைக் கருவுற்ற நாளிலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறான். பார்ப்பனனுக்கு 8ஆம் ஆண்டு, சத்திரியனுக்கு 11, வைசியனுக்கு 12. சூத்திரனுக்கு? வயசே குறிக்கவில்லை. நம்மையோ கணக்கிலேயே சேர்க்கவில்லை. படிக்கும் வயசு என்பது இங்கே பிறக்கும்போதே சாதியோடு பிறந்த சரக்கு. இன்றைக்குப் புத்தகக் கடைகளில் '6 முதல் 8 வயது வரை' என்று அட்டையில் அச்சடிப்பவர்கள் மனுவைப் படித்துவிட்டு அச்சடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு வயசு எந்த வீட்டுப் பிள்ளையின் ஆறு வயசு? மடியில் உட்காரவைத்துக் கதை படித்துக் காட்ட அம்மாவுக்கு நேரமும் எழுத்தும் இருக்கிற வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையை அளவுகோலாக வைத்து அளந்தால், சேரியில் எல்லாரும் ஒன்று பிந்திப் போனவர்கள், இல்லையென்றால் பிஞ்சில் பழுத்தவர்கள்.

என் அம்மா கதையைக் கேளுங்கள். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது 15 முதல் 35 வயதுள்ளவர்களைத்தான் இலக்காக வைத்தார்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு அறிவொளியையே திருவிழா ஆக்கிய காலத்தில், எங்கள் பகுதிக்கும் அறிவொளி வந்தது. அம்மாவுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. இருந்தும் கூலி வேலை முடிந்து சிம்னி விளக்கோடு போய் உட்கார்ந்தார். அவருக்குத் தரப்பட்டது பெரியவர்களுக்கான புத்தகம். நாற்று, ஏர், கூலி, குடிநீர் என்று பாடங்கள். பத்து நாளில் தூக்கிப் போட்டுவிட்டார். என் அக்கா மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். ஏம்மா என்று கேட்டேன்.

"ஏன்டா தம்பி, நாத்து நடுறத நான் புஸ்தகத்துல படிச்சாடா தெரிஞ்சுக்கணும்? நாள் பூரா அதுலதான கெடக்கறேன். இதுல யானை இருக்குது. நரி பேசுது. நான் சின்னதுல இதெல்லாம் எங்க கேட்டேன்? ஏழு வயசுல மாடு மேய்க்க வுட்டுட்டாங்க."

அந்தப் பாடங்களை எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். கூலி என்ற சொல்லை எழுதப் படிக்கத் தெரிந்தால் ஏமாறமாட்டாள் என்ற கணக்கு சரிதான். ஆனால் உழைக்கிறவளுக்கு உழைப்பைப் பற்றித்தான் படிக்க வேண்டும், யானை ஆண்டை வீட்டுப் பிள்ளைக்கு என்று ஆகிப்போனதே, அது யார் போட்ட கணக்கு? அம்மா கேட்டது பறிபோன பிள்ளைப் பருவத்தை. நாற்பது வயசில், கூலி பாக்கியைக் கேட்பதுபோல உரிமையோடு கேட்டார்.

இனி கத்தியின் இன்னொரு பக்கம். நான் நடத்தும் மாலைப் பள்ளியில் பத்து வயசுப் பெண் ஒருத்தி. அவளுக்கு அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலிலிருந்து முதல் நிகழ்ச்சியைப் படித்துக் காட்டினேன். அப்பாவைப் பார்க்கச் சதாராவிலிருந்து கிளம்பி, மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார்கள் பிள்ளைகள். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். ரெட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டிக்காரன் கூடவே நடந்து வருகிறான். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை. அப்போது அண்ணலுக்கு ஒன்பது வயசு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்த நூல் இது. நம் பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பெரியப்பா, ராத்திரி அவங்களுக்குத் தண்ணி கெடச்சுதா?"

கெடைக்கல என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க ஆயாவுக்கும் டீக்கடையில தனி கிளாசுதான்" என்றாள்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. சேரிப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலில் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிரிக்கிற பள்ளிக்கூடச் சிறுமி, அதன் அர்த்தம் தெரிந்ததும் கொதித்துப் போகிறாள். இன்றைக்கு அது கல்லூரிப் பாடம். பாருங்கள் வேடிக்கையை: வாழ்ந்தது சின்ன வயசில், வாசிக்க அனுமதி இருபதுக்கு மேல்.

கேட்டால் பிஞ்சு மனசு என்பார்கள். என்னிடமும் ஒரு வாத்தியார் வந்து, "இந்த வயசுல சாதியப் பத்தியெல்லாம் ஏங்க சொல்லிக் குடுக்கறீங்க, நஞ்சு கலக்கறீங்களே" என்றார். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவச் சொல்லும்போது எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள், அப்போது அந்த மனசு பிஞ்சாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் போராடிய வரலாறு, என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது. 2016இல் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டு, அந்தப் பகுதி தேர்வுக்கு வேண்டாம் என்றது. 2019இல் ஆடை வரலாறு பற்றிய அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம்! பிள்ளையின் முதுகுக்கு மார்த்தாண்ட வர்மா சுமையில்லை, மார்பை மூடப் போராடியவள்தான் சுமை.

சரி, புத்தகத்தில் இல்லையென்றால் பிள்ளைக்குச் சாதி தெரியாமல் போய்விடுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? கூடப் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, பள்ளியில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. கயிறு கட்ட வயசு வந்துவிட்டது, அரிவாள் தூக்க வயசு வந்துவிட்டது, அம்பேத்கரைப் படிக்க மட்டும் வயசு வரவில்லையா?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. கீழ்வெண்மணியின் எரிந்த குடிசையை எட்டு வயசுப் பிள்ளை முன்னால் விரித்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாமா? கூடாது. நானும் செய்யமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் படித்து, அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, போதும் என்று அவள் சொன்னால் மூடிவைக்க வேண்டும். கூட இருப்பது பெரியவர்களின் கடமை. பூட்டி வைப்பது கடமை ஆகாது.

1855ஐ நினைத்துப் பாருங்கள். புனேயில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் புலேயும் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா, மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வந்தது. வேதம் பார்ப்பனருக்கு மட்டுமே சொந்தம் என்றால் எங்கள் மதம் எது என்று கடவுளையே கேட்டாள். அவள் வயசுக்கு மீறிய கேள்வி என்று அந்த ஆசிரியர்கள் அடித்துத் திருத்தியிருந்தால்? அதே 1855இல்தான் புலே தம்பதியர் உழைக்கும் மக்களுக்கு இரவுப் பள்ளி திறந்தார்கள். சிறுமி பெரியவர்களைக் கேள்வி கேட்கிறாள், நரைத்த தலைகள் முதல் எழுத்தை எழுதுகின்றன. நமக்கு வழி காட்ட அந்த ஒரு வருசம் போதும்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, சேரியில் நீங்கள் நடத்தும் படிப்பகத்தில் வயசு போட்டு அலமாரி பிரிக்காதீர்கள். நரிக் கதை கேட்கிற கிழவிக்கு நரிக் கதையைக் கொடுங்கள். அண்ணலைக் கேட்கிற பிள்ளைக்கு அண்ணலைக் கொடுங்கள், கூட உட்காருங்கள். விடுதியில் எவனாவது ஒரு தம்பி தடிப் புத்தகத்துக்குள் சின்னப் புத்தகத்தைச் செருகிப் படித்துக்கொண்டிருந்தால், சிரிக்காதீர்கள். அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, எந்தப் பாடம் வரைக்கும் வந்திருக்கிறான் என்று கேளுங்கள்.