எழுதிக் கொடுத்தாலும் போகாத உரிமை

பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உயிரும் தனிமனிதச் சுதந்திரமும் 'இன்ஏலியனபிள்' உரிமைகள் என்றது அத்தீர்ப்பு. தமிழில் இதைப் 'பறிக்க முடியாத உரிமை' என்று எழுதிப் பழகிவிட்டோம். அது பாதிப் பொருள்தான். விடுபட்ட மறுபாதியே இன்று நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

'இன்ஏலியனபிள்' என்பது சொத்துச் சட்டத்தில் புழங்கும் சொல். ஆங்கிலத்தில் 'ஏலியனேட்', ஸ்பானிய மொழியில் 'எனஹெனார்' என்றால் சொத்தைப் பிறருக்குக் கைமாற்றுவது. ஸ்பெயினின் 1978 அரசமைப்பில் 132-வது பிரிவு, பொதுச் சொத்துகளையும் ஊர்ப் பொது நிலங்களையும் விற்க முடியாதவையாக வைக்கச் சொல்வது 'இன்ஏலியனபிள்' என்பதற்கான ஸ்பானியச் சொல்லால்தான். 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் இரு மொழிகளிலும் அச்சொல்லை மனிதரின் உரிமைகளுக்குச் சூட்டியது. ஆகவே, பிறர் பறிக்கக் கூடாது என்பதோடு, உரியவரே நினைத்தாலும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதும் அதன் பொருள். நம் நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை கோரவில்லை என்று மும்பை நடைபாதைவாசிகள் உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஒப்புதலைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க முடியாது என்று 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

என் விவரத்தை நானே மனமுவந்து கொடுத்தால் யாருக்கு என்ன, தடுப்பதுதானே சுதந்திரத்தில் தலையிடுவது என்று கேட்கலாம். பயன்படுத்த அனுமதிப்பது வேறு, உரிமையையே துறப்பது வேறு. வீட்டை வாடகைக்கு விட்டவர் உரிமையாளராகவே இருக்கிறார். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற வழி வைத்திருக்கிறது. புகார் செய்யும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது என்கிறது. பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும் என்பவர்களுக்கும் விடை இதுதான். 1975-ல் நெருக்கடி நிலையின்போது எதிர்க்கட்சித் தலைவர்களைப் பெங்களூரில் கைது செய்தபோது அரசு உரிமையைப் பறித்தது எல்லோருக்கும் தெரிந்தது. செயலியில் 'சம்மதம்' என்று அழுத்தும்போது எதுவும் பறிபோவதாகத் தெரிவதில்லை. 'பறிக்கவும் துறக்கவும் முடியாத உரிமை' என்று முழுமையாக எழுதினால், சம்மதித்த பிறகும் கேள்வி கேட்கலாம் என்பது சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்.