இருட்டுக்கு வெயிலை நம்பலாமா?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அத்தாப்பு என்றால் நீப்பா ஓலைக் கூரை. 2026 ஜனவரி முதல் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் சேர்ந்திருக்கிறது: சோலார் அதாப். கூரையில் பலகை பொருத்தி, பகலில் மிஞ்சும் மின்சாரத்தைத் தேனகா மின் நிறுவனத்துக்குத் தள்ளி, அதை மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டம். வீட்டுக்காரர்கள் பிழைத்துப் போகட்டும். கூரைக் காய்ச்சல் சாலைக்கும் தொற்றிவிட்டதுதான் என் எரிச்சல். இருட்டு என்று யார் முறையிட்டாலும் "சோலார் கம்பம் நட்டுவிடலாம்" என்பதே பதிலாகிவிட்டது.

தெருவிளக்கு இரவில் எரிவது. சூரியன் பகலில் காய்வது. இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம். 60 வாட் எல்இடி விளக்கு ஒன்று நம்மூர் இரவின் 12 மணி நேரமும் எரிய 720 வாட்-மணி வேண்டும். அத்தனையும் முன்கூட்டியே பகல் வெயிலில் மின்கலத்தில் ஏறியிருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் கிள்ளான் பக்கம் மதியமே வானம் கறுத்துவிடும். பந்திங் வட்டாரத்துக் குறுக்குச் சாலை ஒன்றில் இப்படிப்பட்ட கம்பங்களைப் பார்த்தேன். இரவு பதினொன்றுக்கே அகல்விளக்காய் மங்கிவிட்டிருந்தன.

கேரி தீவுக்கு ஒருமுறை இருட்டியபின் போய்ப் பாருங்கள். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை. மட்டைகள் குடை பிடிக்கும் இடத்தில் பலகைக்கு ஏது வெயில்? நண்டு தின்ன வரும் கோலாலம்பூர்க் கார்களும் பழக்குலை லோரிகளும் ஓடுகிற அதே வழியில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள், சுங்கை பும்பூன் மா மெரி பூர்வகுடி மக்கள் மோட்டாரில் வீடு திரும்புகிறார்கள்.

இந்தத் தீவு விளக்கெரிக்க வெயிலைக் கெஞ்ச வேண்டியதில்லை. செம்பனை ஆலை எங்கே இருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்; அந்த நாற்றம்தான் மின்சாரம். ஒரு டன் பழக்குலையைப் பிழிந்தால் முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கழிவுநீர் வருகிறது. ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறத்தாழ 28 கன மீட்டர் எரிவாயு கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் மீத்தேன். மணிக்கு 60 டன் பிழியும் ஆலை, ஓய்ந்திருக்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தாலும், சராசரியாக ஒரு மெகாவாட் தரும். ஒரு மெகாவாட் என்றால் 100 வாட் விளக்குகள் பத்தாயிரம். இந்தக் கணக்கை நான் போகிற கூட்டமெல்லாம் சொல்லி நண்பர்களுக்குச் சலித்துவிட்டது. பத்தாயிரம் விளக்கு, ஒரே ஆலை, அதுவும் இரவில்! கழிவுநீர்க் குளத்தை மூடிப் பிடித்த வாயுவுக்கு மழை தெரியாது, மாலை தெரியாது.

நாட்டில் ஏறத்தாழ 450 செம்பனை ஆலைகள் இருக்கின்றன. புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடித்தே ஆகவேண்டும் என்று 2014-லிருந்து விதி உண்டு. பழைய ஆலைகளுக்கு மட்டும் சலுகை. வாயுவைப் பிடிக்கும் ஆலைகளிலும் சில, மின்கம்பி தொலைவில் இருக்கிறது என்று அதை வெறுமனே கொளுத்திவிடுகின்றன. ஆலை வாசலில் தீ எரிகிறது, சாலை இருண்டு கிடக்கிறது.

'கம்பி இழுத்தால் செலவு, கேபிளைத் திருடிவிடுவார்கள்' என்பார்கள். மின்கலத்தை மட்டும் திருடன் கும்பிட்டுவிட்டுப் போவானா? 'காப்பார் அனல்மின் நிலையத்து மின்சாரம் போதாதா' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிப் பத்தியை வீணாக்க விரும்பவில்லை. அது கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி.

இதெல்லாம் புதுமை என்று நினைப்பவர்கள் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். 1894-ல் ரவாங் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். கோலாலம்பூருக்கு 1905-ல் மின்சாரம் கொடுத்தது உலு கோம்பாக் நீர்மின் நிலையம். அருகில் என்ன இருந்ததோ அதிலிருந்து எடுத்தார்கள். அங்கே ஆறு இருந்தது. கேரி தீவில் ஆலை இருக்கிறது. சிலாங்கூர்க் கடலோரச் சாலைகள் அனைத்தையும் ஆலைக் கழிவே விடியும்வரை எரியவைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. செம்பனை நிற்கும் மாவட்டத்தில் சோலார் கம்பம் நடுவதையே தடை செய்யலாம்.

கோல லங்காட் நகராண்மைக் கழகம் அடுத்த கம்பத்துக்கு டெண்டர் விடுமுன், ஆலை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.