டயபருக்குள் மறையும் அறிகுறி... உங்க குட்டிப் பையனோட உச்சாவை கவனிச்சிருக்கீங்களா?

கொஞ்சுறதுக்காகத் தூக்கினா, பாட்டியோட புடவை மேலேயே உச்சா அடிச்சு விடுவான் பையன். வீடே சிரிக்கும். யாருக்கும் தெரியாம அது ஒரு மருத்துவப் பரிசோதனையாவும் இருந்தது. விசையா, வளைஞ்சு அடிக்கிற சிறுநீர், பாதையில பெரிய அடைப்பு இல்லைங்கிறதுக்கு நல்ல அடையாளம். இப்போ எந்நேரமும் டயபர். உச்சா போயிருக்கான்னு தெரியுது. எப்படிப் போனான்னு தெரியறதில்லை.

இது ஏன் முக்கியம்? சில ஆண் குழந்தைகளுக்கு, சிறுநீர் வெளியேறும் பாதையில மெல்லிய சவ்வு ஒண்ணு பிறவியிலேயே குறுக்கே நிற்கும். 'போஸ்டீரியர் யூரித்ரல் வால்வ்' என்பது இதன் பெயர். சுமார் 5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரலாம். வெளியேற முடியாத சிறுநீர் திரும்ப அழுத்த, சிறுநீர்ப்பை தடிக்கும், சிறுநீரகம் வீங்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே செயலிழக்கலாம்.

தூரம் பிரச்னை இல்லை

விழுப்புரம், திண்டிவனம் பகுதிக்காரங்களுக்கு சிகிச்சை எட்டாத தூரத்தில் இல்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரெண்டு ஊர்ல இருந்தும் சுமார் 40 கி.மீ-ல் புதுச்சேரி ஜிப்மர். அங்கே குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குத் தனித்துறையே உண்டு. சென்னைப் பக்கம் போனால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை.

சிக்கல், அங்கே போகணும்னு தோன்றுவதில்தான். குழந்தை முக்கி முக்கி உச்சா போனா, "உடம்பு சூடு, தொப்புள்ல விளக்கெண்ணெய் வை"ங்கிறாங்க. காய்ச்சல் வந்தா மருந்து வாங்கிக் கொடுக்கிறோம், இறங்கிடுது. அது சிறுநீர்த் தொற்றான்னு பார்க்காமலே மாதங்கள் ஓடிடுது.

அரசுத் திட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கு. அங்கன்வாடி, பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் அடிப்படைப் பட்டியலில் 9 பிறவிக் குறைபாடுகள் இருக்கின்றன. பிளவு உதடு, இதயக் கோளாறு, பிறவிக் கண்புரை எல்லாம் உண்டு. சிறுநீர்ப் பாதை அடைப்பு இல்லை. வெளியே தெரியாத குறையைத்தான் தேடிப் பார்க்கணும். "உச்சா எப்படிப் போறான்?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க செலவே ஆகாது.

எதைக் கவனிக்கணும்?

* பிறந்து 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் போகலைன்னா டாக்டரிடம் சொல்லுங்க.
* சொட்டுச் சொட்டா வருவது, முக்குவது, அடிவயிறு வீங்குவது, எடை ஏறாமை, காரணம் தெரியாத காய்ச்சல்.
* கர்ப்பத்தின் 18-20 வார ஸ்கேனில் 'கிட்னி வீக்கம்'னு வந்திருந்தா, அந்த ரிப்போர்ட்டைப் பிரசவத்துக்குப் பிறகும் டாக்டரிடம் காட்டுங்க.
* பெண் குழந்தை டாய்லெட் போயிட்டு வந்தும் எந்நேரமும் ஈரமாவே இருந்தா திட்டாதீங்க. சிறுநீரகக் குழாய் இடம் மாறித் திறந்திருக்கலாம்.

ஸ்கேனும், சிறுநீர்ப்பையில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயும் அடைப்பைக் காட்டிவிடும். முதலில் ட்யூப் வைத்து சிறுநீரை வெளியேற்றி, பிறகு மெல்லிய கருவியை உள்ளே செலுத்தி சவ்வை அகற்றுவார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிஞ்சா போதுமா?

போதாது. சவ்வு போனாலும், ஏற்கெனவே தடித்த சிறுநீர்ப்பையும் அடிபட்ட சிறுநீரகமும் அப்படியேதான் இருக்கும். பல வருஷம் கழிச்சு டயாலிசிஸ் வரை போகும் பிள்ளைகளும் உண்டு. அதனால பெரியவனாகும் வரை கிரியாட்டினின், ரத்த அழுத்தம், ஸ்கேன் பார்த்துக்கிட்டே இருக்கணும். ஆனா பையன் ஓடி விளையாடினா, "நல்லாத்தானே இருக்கான்"னு நின்னுடுறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுதேங்கிற கவலையும் நியாயமானதுதான். இந்த வழக்கமான பரிசோதனைகளை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே செய்து, ரிசல்ட்டை ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால், பாதியில் விடுபவர்கள் குறைவார்கள்.

அதுவரை நம்ம கையில் இருப்பது ஒண்ணுதான். தினமும் கொஞ்ச நேரம் டயபரைக் கழற்றிவிட்டு, அவன் உச்சா போறதைப் பாருங்க. புடவை நனைஞ்சா சந்தோஷப்படுங்க.